இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளைக் கடித்த எலி

ஓய்வு பெற்றவருக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். யாராவது இறந்திருப்பார்கள், அல்லது ஏதாவது ஒரு சாவி காணாமல் போயிருக்கும். போன மாதம் எனக்கு வந்த போன் இரண்டிலும் சேராது.

பேசியது நிகிதா. போர்ட் பிளேயரில் ஓர் அரசு நூலகத்தில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். நல்ல பெண், கொஞ்சம் பதற்றக்காரி.

“மேடம், நாலாம் நம்பர் அல்மாரில இருநூத்திப் பன்னெண்டு சிடி இருக்கு. ஒண்ணுக்கும் டப்பா இல்ல. எல்லாம் காக்கிக் கவர்ல போட்டிருக்கு, கவர் மேல உங்க கையெழுத்து. ரெஜிஸ்டர்ல பேரே இல்ல. புது சார் எல்லாமே பைரேட்டடுன்னு சொல்றார். லக்கன் பாய்கிட்ட எக்ஸ்பிளனேஷன் கேட்டிருக்கார்.”

“லக்கன்கிட்ட எதுக்கும்மா?”

“அல்மாரி சாவி அவர்கிட்டதானே மேடம். அவருக்கு மாசக் கடைசில ரிட்டயர்மென்ட். இது முடியாம செட்டில்மென்ட் பேப்பர்ல சைன் போட மாட்டேன்னு சார் சொல்லிட்டார்.”

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: “எல்லாம் ஜாஸ் மேடம். ஜாஸ் யாரு கேக்குறாங்க?”

என் பழைய உதவியாளர் லக்கன் என்னால் மாட்டிக்கொள்வது இது இரண்டாவது முறை. முதல் முறை அவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தது பெருந்தன்மை. நான் பேசாமல் இருந்தது பயம். அதை எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஜாஸ் புத்தகமும் சிடியும் மலிவு விலையில் வாங்குவது எப்படி என்று இடையிடையே சொல்லித் தருகிறேன். படிப்பவர்களுக்கு ஏதாவது உபயோகம் இருக்க வேண்டும் அல்லவா?

என் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் மரத்துக்குக் கத்தி போட்டுப் பால் எடுக்க வந்தவர்கள். நான் படிப்புக்காகப் போர்ட் பிளேயர் வந்து, வேலை கிடைத்து, புரோத்ராபூரில் வீடு கட்டித் தங்கிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்ததும் ஆறு மாதப் பயிற்சி. அதில் நான் கற்றுக்கொண்டது ரப்பர் ஸ்டாம்பை நேராகக் குத்துவது. மீதி முப்பது வருடமும் அதை வைத்தே ஓடியது.

நான் சொல்லப்போகும் சமாசாரம் சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து நடந்தது. அப்போது எங்கள் அதிகாரி வேதநாயகம் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே திரும்பிப் போகும் கப்பலை விசாரிப்பார்கள். இவர் விசாரிக்கவில்லை. காரணம், எந்த முடிவுக்கும் அவர் அவசரப்பட மாட்டார்.

அவருடைய மேசையில் ஓர் அடி ஸ்கேல் இருக்கும். மரத்தாலானது, ஓரம் தேய்ந்தது. எந்தக் காகிதம் போனாலும் முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைப்பார். படிப்பார். ஒரு வரி நகர்த்துவார். படிப்பார். ஸ்கேல் நிற்கும் இடத்தில் நம் உயிரும் நிற்கும். கடைசி வரி தாண்டியதும் ஸ்கேலை எடுத்து வலது பக்கம் வைத்தால் கையெழுத்து உண்டு என்று பொருள். இடது பக்கம் வைத்தால் “பாத்துக்கிடுவோம்” என்பார். அப்படி இடது பக்கம் போன காகிதங்களில் சிலவற்றை நான் ஓய்வு பெறும் நாள்வரை திரும்பப் பார்க்கவில்லை. நாங்கள் அவரை ஸ்கேல் சார் என்றுதான் சொல்லுவோம். அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தாலும் அதற்கு ஒரு ஃபைல் திறந்தால்தானே கோபப்பட முடியும்?

ஒரு சீசனில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர் மழைக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் வந்தார். வந்தவர் பார்வையாளர் புத்தகத்தில் ‘இசைப் பிரிவு இல்லையா?’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, மழை விட்டதும் போய்விட்டார். அந்த ஒரு வரி ஃபைலாகி, மேலே போய், ‘மேற்கத்திய இசைப் பிரிவு உடனே தொடங்குக’ என்ற உத்தரவாக மார்ச் மாத ஆரம்பத்தில் கீழே இறங்கியது. மார்ச் முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். என்னைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். எனக்கு மேற்கத்திய இசையில் அதுவரை தெரிந்தது கச்சால் சர்ச்சில் நிக்கோபாரிகள் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டுகள் மட்டும்.

மூன்று இரவு கடல் பயணம். சென்னையில் இறங்கிய பிறகும் தரை ஆடிக்கொண்டிருந்தது. பெரிய கடைகளில் விலையைக் கேட்டால் அதுவும் ஆடியது. அங்கே ஒரு கடைப் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவர்தான், “காதர் பாய் குடோனுக்குப் போங்க” என்று வழி சொன்னார்.

காதர் பாயின் குடோன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வெளிநாட்டில் விற்காமல் தேங்கிய புத்தகமும் சிடியும் கண்டெய்னரில் வந்து இறங்கும். அவர் தராசில் நிறுத்து விற்பார். சமையல் புத்தகமும் ஜோசியப் புத்தகமும் வந்த அன்றே போய்விடும். பின்பக்கச் சுவரோரம் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு யாரும் தொடாத அடுக்கு. நான் அங்கே போனதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

“மேடம், அது எல்லாம் ஜாஸு. எவனும் தொட மாட்டான். அதான் புச்சாவே கீது. மத்தது எல்லாம் பத்துக் கை பட்டு வரும், இத்த எட்த்துக்கினு போங்க.”

என் முதல் பாடம் அது. யாருக்கும் வேண்டாத சரக்குதான் கசங்காமல் இருக்கும்.

இரண்டாவது பாடத்தையும் அவரே சொல்லித் தந்தார். ஒவ்வொரு சிடிப் பெட்டியின் ஓரத்திலும், ஒரே இடத்தில், சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. புத்தகங்களின் கீழ்ப்பக்க விளிம்பில் கறுப்பு மையால் ஒரு கோடு. நான் குறை என்று நினைத்து ஒதுக்கப் பார்த்தேன். காதர் பாய் சிரித்தார்.

“அது டேமேஜ் இல்ல மேடம். கம்பெனிக்காரனே போட்ட அடையாளம். முழு வெலைக்கு வாங்கினதுன்னு சொல்லி எவனும் கடைல திருப்பிக் குட்த்துப் பணம் வாங்கக் கூடாதுல்ல? அதுக்காக நூறு பெட்டிய ஒண்ணா அடுக்கி ரம்பத்தால ஒரே இழு. புக்குக்கு மார்க்கர் பேனா. உள்ள இருக்கிறது பிரிக்காத சரக்கு.”

பிரித்துப் பார்த்தேன். சிடியில் கீறல் இல்லை. புத்தகத்தில் பக்கம் ஒட்டவில்லை, பூசணம் இல்லை. முகர்ந்து பார்த்தேன். அந்தமானில் வளர்ந்தவள் மூக்கை ஈரம் ஏமாற்ற முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு சிடியும் அறுபது புத்தகமும் எடுத்துக்கொண்டேன். எங்கள் விதியில் ‘புதியது’ என்று ஒன்று உண்டு, ‘பழையது’ என்று ஒன்று உண்டு. விற்காமல் தேங்கிய புதியது என்று ஒன்று இல்லை. அதனால், ‘அனைத்தும் புதியவை, குறையற்றவை’ என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்டைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் ஸ்கேல் அந்த வரியில் நின்றுவிடும். ஸ்டோர் சூப்பிரண்டெண்ட் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருடம் என் பெயர் இருந்தது.

சரக்கு தீவுக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த விதி ஒன்று காத்திருந்தது. ஒலி சம்பந்தப்பட்ட எந்தப் பொருளையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பார்த்து, பழுதில்லை என்று எழுதிய பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும். யார் எழுதிய விதியோ, எழுதியவர் ஜாஸ் கேட்டிருக்க மாட்டார். எனக்கு உதவியாளர் லக்கன். ராஞ்சி வம்சாவளி, பிறந்து வளர்ந்தது ஜங்லிகாட். பக்கத்து வீடெல்லாம் தமிழர்கள், ஆகவே தமிழ் நன்றாக வரும், நடுவில் இந்தி எட்டிப் பார்க்கும். பதினோரு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் ஃபைல் ஸ்கேல் சார் மேசையில், இடது பக்கம்.

ஸ்டோர் அறையில் ஒரு சின்னப் பிளேயரை வைத்துக்கொண்டு நானும் லக்கனும் ஆறு வாரம் ஜாஸ் கேட்டோம். அரசாங்கச் சம்பளத்தில். முதல் வாரம் எனக்குத் தலைவலி. ஒருவர் ஊதுகிறார், அவர் முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே பேசுகிறார், பின்னால் ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டுகிறார். இது பாட்டா, பங்குச் சண்டையா என்று சந்தேகமாக இருந்தது. தோட்டத்தில் யூனியன் கூட்டம் இப்படித்தான் நடக்கும்.

லக்கனுக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. “மேடம், கேளுங்க. எல்லாரும் தனித்தனியா போறாங்க. ஆனா ஒருத்தரும் தொலையல” என்றார். நான் பிறகு பல புத்தகம் படித்துவிட்டேன், ஜாஸ் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதவில்லை. நாற்பதாவது சிடியோ என்னவோ, வெளியே மழை, உள்ளே ஒரு டிரம்பெட் மெதுவாக, யாருக்கும் தொந்தரவு தராமல் அழுதுகொண்டிருந்தது. நான் எழுத வேண்டிய ‘பழுதில்லை’ என்ற வார்த்தையை எழுதாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். லக்கன் எழுந்து போய் அதையே மறுபடி போட்டார். விதியில் இரண்டு முறை கேட்கச் சொல்லவில்லை.

பெட்டியில் இருந்த வெட்டைப் பற்றி அவர் அப்போதே கேட்டார். காதர் பாய் சொன்னதைச் சொன்னேன். “நல்ல ஐடியா மேடம்” என்று சிரித்தார். அதாவது, லக்கனுக்குத் தெரியும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மே மாதம் சரக்குச் சோதனைக்கு வேறு அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். தீவில் சரக்குச் சோதனை செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு பார்வைதான் உண்டு. எல்லாம் கப்பலில் வருவது, ஆகவே எதில் குறை இருந்தாலும் அது வழியில் நடந்தது. நனைந்ததா, நசுங்கியதா, கடிபட்டதா என்று மூன்று கட்டம் போட்ட படிவமே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அவர் ஒரு பெட்டியைத் தூக்கினார். வெட்டு. இன்னொன்று. வெட்டு. இருநூற்றுப் பன்னிரண்டிலும் வெட்டு.

ஸ்கேல் சார் என்னைக் கூப்பிட்டார்.

“வாங்கும்போது இந்த வெட்டு இருந்துச்சா அம்மா?”

அந்த ஒரு கேள்விக்கு ‘இருந்தது’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். என் சான்றிதழில் ‘குறையற்றவை’ என்று நானே எழுதியிருந்தது கண் முன்னால் நின்றது. பதவி உயர்வுப் பட்டியலும் நின்றது.

“கவனிக்கலீங்க சார்” என்றேன்.

அப்படி என்றால் வழியில் நடந்தது என்று முடிவாகி, மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைத்தார்கள். கமிட்டி ஸ்டோருக்கு வந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தது, கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தது. நனையவில்லை. நசுங்கவில்லை. படிவத்தில் மிச்சம் இருந்தது ஒரே கட்டம். எலி. இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியிலும், ஒரே ஓரத்தில், ஒரே ஆழத்துக்கு, ஸ்கேல் வைத்து அளந்ததுபோலக் கடித்துவிட்டு, ஒரு சிடியைக்கூடத் தொடாமல் போன எலி. புத்தகத்தின் கறுப்புக் கோடு அதன் வால் பட்ட தடமாக இருக்கலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். இல்லை, அது கப்பல் கிரீஸ் என்று மற்ற இருவர் சொன்னதால் புத்தகங்கள் பிழைத்தன. ஜனநாயகத்தின் பலனை அன்று கண்ணால் பார்த்தேன்.

சிடிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எங்கள் தீவில் எலிக் காய்ச்சல் விளையாட்டில்லை. எலி வாய் வைத்த பொருளை எரித்துவிட வேண்டும் என்று எழுதினார்கள். அதோடு விட்டிருக்கலாம். அறிக்கையின் இரண்டாம் பாகத்துக்குப் பெயர் ‘பொறுப்பு’. அதன் நகலை எனக்குக் காட்டினார்கள். ‘ஸ்டோரில் எலிப்பொறி வைக்கத் தவறிய தினக்கூலி ஊழியர் லக்கன் இதற்குப் பொறுப்பாவார். அவரை நிரந்தரமாக்குவது குறித்து மறுபரிசீலனை செய்யலாம்.’

படித்தேன். மடித்தேன். மேசை டிராயரில் வைத்தேன். அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. லக்கனுக்கும் ஒரு நகல் போயிருந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள், ஜங்லிகாட்டில் வாடகை வீடு. பதினோரு வருடம் காத்திருந்த காகிதம், இல்லாத ஓர் எலியால் கிழியப்போகிறது. கிழியாமல் தடுக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சாயங்காலம் வழக்கம்போல, “வரேன் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் ஸ்டோருக்குள் நுழைந்தபோது சிடி அடுக்குக்கு முன்னால் ஓர் எலிப்பொறி இருந்தது. புதுப் பொறி. உள்ளே கொக்கியில் ஒரு துண்டு தேங்காய். லக்கன் பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“சூஹேதானி வெச்சிட்டேன் மேடம். எலி வந்தா மாட்டிக்கும்.”

குரலில் கோபம் இல்லை, கிண்டல்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கம் வாழ்நாளில் வந்ததில்லை. கைப்பையைக் கீழே வைக்காமலே நேராக ஸ்கேல் சார் அறைக்குப் போனேன்.

“சார், அது எலி கடிச்சது இல்லீங்க. கம்பெனியிலயே ரம்பம் போட்டு அறுத்ததுங்க. மலிவா விக்கிற சரக்குக்கு அப்படி அடையாளம் வைப்பாங்களாம். வாங்குறப்பவே எனக்குத் தெரியும். பயத்துல பொய் சொல்லிப்போட்டேன். லக்கன் மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

ஸ்கேல் ஒரு காகிதத்தின் நடுவில் நின்றிருந்தது. அவர் அதை நகர்த்தவில்லை.

“இத எழுத்துல யாருக்கும் குடுத்தீயளா?”

“இல்லீங்க சார்.”

“நல்லது. அப்ப நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல.”

“சார், எலியே இல்லீங்க.”

“அம்மா, உக்காருங்க. முதல் பாகம் நேத்தே மேல போயி அப்ரூவல் ஆயாச்சு. எலி உண்டுன்னு மூணு ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்காவ. இனிமே எலி இல்லன்னு சொன்னா, இல்லாத எலிக்கு மூணு பேரு கையெழுத்துப் போட்டதா ஆகும். நீங்க சஸ்பெண்ட் ஆவீய, அவங்களுக்கு மெமோ வரும், எனக்கு மாற்றல் வரும். லக்கன் ஃபைல யாரு பாக்கது?”

“அப்ப அவரு கதி?”

வேதநாயகம் சார் கமிட்டி அறிக்கையை எடுத்து ஸ்கேலை வைத்து ஒரு வரி, இன்னொரு வரி என்று நகர்த்தினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“எலி கடிச்சதுன்னு இருக்கு. எங்க வெச்சுக் கடிச்சதுன்னு இல்ல பாத்தீயளா.”

அந்த மனிதரை நான் அதுவரை தவறாக எடை போட்டிருந்தேன். முப்பது வருடம் ஒவ்வொரு வரியாகப் படித்தவருக்கு, எழுதாமல் விட்ட வரி எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருந்தது. அன்று மத்தியானம் நான் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். பார்சல் கட்டியது மெயின்லேண்டில். கட்டு பிரிக்கப்பட்டது இங்கே, பல சாட்சிகள் முன்னிலையில். கட்டு பிரிக்கும்போது எலி எதுவும் காணப்படவில்லை. ஆகவே கடித்த எலி கப்பல் ஏறுவதற்கு முன்பே கடித்துவிட்டு மெயின்லேண்டிலேயே தங்கிவிட்டது. அந்த எலி எங்கள் அலுவலகத்தின் அதிகார வரம்புக்குள் வராது. ஸ்கேல் கடைசி வரியைத் தாண்டி வலது பக்கம் போனது.

உண்மையைச் சொல்லப் போனவள் இன்னும் பெரிய பொய்யை எழுதிவிட்டு வந்தேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதல் பொய் ஒருவரை மாட்டிவிட்டது, இரண்டாவது அவரை விடுவித்தது. அந்த வருடமே லக்கன் நிரந்தரமானார். எனக்குப் பதவி உயர்வும் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

எரிப்பதற்கு முந்திய நாள் நானும் லக்கனும் கதவைச் சாத்திக்கொண்டு சிடிகளை வெளியே எடுத்து, காக்கிக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதினோம். மறுநாள் நூலகத்தின் பின்பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு வெற்றுப் பெட்டிகள் எரிந்தன. எலி வாய் வைத்த பெட்டியைத் திறந்து பார்க்கும் தைரியம் கமிட்டியில் யாருக்கும் இல்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று, ‘முழுவதும் எரித்து அழிக்கப்பட்டன’ என்று கையெழுத்துப் போட்டார்கள். சிடிகள் நாலாம் நம்பர் அல்மாரிக்குப் போயின. பொறியையும் லக்கன் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டினார். அதன் பிறகு நாங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டோம். பழுது பார்க்க அல்ல.

எனக்கு அது வியாதியாகவே ஆகிவிட்டது. சென்னைக்குப் போன ஒவ்வொரு முறையும் காதர் பாயின் பின்சுவருக்குப் போனேன். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கீழ் விளிம்பைப் பார்ப்பேன். கறுப்புக் கோடு இருந்தால் அட்டை விலையைப் பார்க்கவே தேவையில்லை, பேரம் பேசலாம். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அடியில் இருப்பதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். எத்தனை ஸ்டிக்கரோ அத்தனை கடைக்காரர்கள் அதை விற்க முடியாமல் தோற்றிருக்கிறார்கள், நீங்கள் அதைவிடக் குறைத்துக் கேட்கலாம். சிடி என்றால் வெட்டு ஓரத்தில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் உள்ளே இருப்பதும் வெட்டுப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறைய இருக்கும் கனத்த புத்தகத்தை நிறுத்து வாங்கக் கூடாது, தாள் கனத்துக்கே விலை போய்விடும். தபாலில் தள்ளுபடிப் பட்டியல் அனுப்பும் கடைகளும் அப்போது இருந்தன. பட்டியல் எங்களுக்கு வந்து சேரும்போது தள்ளுபடி முடிந்திருக்கும்.

இப்போது போனில் முக்கால்வாசி தள்ளுபடி என்று ஜாஸ் பெட்டிகளைக் காட்டுகிறார்கள். ஆசையாக அமுக்கினால், உங்கள் பின்கோடுக்கு இந்தப் பொருளை அனுப்ப இயலாது என்று வருகிறது. அந்தமான் இந்தியாவில்தான் இருக்கிறது என்று அந்தக் கம்பெனிகளுக்கு யாராவது பார்வையாளர் புத்தகத்தில் எழுதினால் தேவலை.

நிகிதாவின் போனுக்கு வருகிறேன். இந்த முறை ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினேன். வெட்டு வாங்கும்போதே இருந்தது, நான் மறைத்தேன், எலி கிடையாது, சிடிகளைக் காப்பாற்றியது என் யோசனை, லக்கன் நான் சொன்னதைச் செய்தார். ஆட்டோ பிடித்துப் போய் நேரில் கொடுத்தேன். புது சார் சின்ன வயது. ஸ்கேல் கிடையாது. என் கடிதத்தைப் போன் திரையைத் தள்ளுவதுபோலக் கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளி விடப் பார்த்தார், காகிதம் என்பதால் நகரவில்லை.

நாலு நாள் கழித்து நிகிதா பேசினாள்.

“மேடம், சார் பழைய ஃபைல எடுத்துப் பாத்தார். சிடி எல்லாம் எரிச்சாச்சுன்னு சர்ட்டிஃபிகேட் இருக்கு. மூணு பேர் சைன். அதனால அல்மாரில இருக்கிறது நம்ம சிடி இல்லயாம். யாரோட பர்சனல் சாமானோ, மூணு நாளைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டார்.”

“லக்கன் பேப்பர்?”

“சைன் ஆயிடுச்சு மேடம்.”

“என் லெட்டர்?”

“அத ஃபைல்ல வைக்க முடியாதாம். ஃபைல்ல ஏற்கெனவே இருக்கிற எலிக்கு அது ஒத்துவரலயாம்.”

முப்பத்தோரு வருடப் பணியையும் சேர்த்து, அந்த அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரே முழு உண்மை அந்த இரண்டு பக்கம். அது திரும்பி வந்துவிட்டது. எலி பத்திரமாக இருக்கிறது. நாங்கள் எல்லாரும் போன பிறகும் இருக்கும்.

ஓய்வு பெற்ற மறுநாள் லக்கன் ஸ்கூட்டரில் என் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டியது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு காக்கிக் கவர்கள். இத்தனை வருட அலைச்சலில் இதைவிட மலிவாக எனக்கு ஜாஸ் கிடைத்ததில்லை. அவற்றின் மேல் அந்தப் பொறி, துருப்பிடித்து, கொக்கியில் தேங்காய் இல்லாமல்.

டீ போட்டுக் கொடுத்தேன். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். நாற்பதாவது சிடி யாருக்கு என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி இருந்தது, நான் விட்டுக்கொடுத்தேன். பிறகு பொறியைக் கையில் எடுத்து, இவ்வளவு நாளாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

“இதுல எப்பவாச்சும் எதாச்சும் மாட்டிச்சா லக்கன்?”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

“ஒரே தடவ மேடம். வெச்ச அன்னிக்கே. கைப்பையக்கூட கீழ வைக்காம நேரா சார் ரூமுக்குப் போனீங்களே.”